மெஷின் தீர்ப்புச் சொல்கிற காலத்தில் லயத்து விலாசம்

சட்டம் படிக்கிற கொட்டகலைத் தம்பி ஒருவன் கேட்டான்: "நீதவானுக்குப் பதிலா ஏஐ வந்தா நமக்கு நல்லதுதானேக்கா? நம்ம தோட்டத்து ஆளுகன்னு அதுக்குத் தெரியாதுல்ல." கேள்வியின் முதல் பாதியைப் பற்றி ஊரெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் உறுத்தியது. தெரியாதா? நன்றாகவே தெரியும் என்பது என் கட்சி. பேரும் ஊரும் கேட்காமலே ஒரு கூட்டத்தைக் குறிதவறாமல் பிரித்தெடுக்க முடியும் என்பதற்கு இலங்கையின் தேயிலைத் தோட்டத்து மலையகத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1948இலேயே அதைப் பார்த்துவிட்டோம், அதுவும் கம்ப்யூட்டர் இல்லாமல்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு அங்கி போட்ட ரோபோ எந்த நாட்டிலும் நீதிபதி நாற்காலியில் ஏறிவிடவில்லை. எஸ்தோனியாவில் ரோபோ நீதிபதி வரப்போகிறார் என்று 2019இல் உலகமெல்லாம் செய்தி ஓடியது. அப்படியொரு திட்டமே இல்லை என்று அந்நாட்டு நீதி அமைச்சு பிற்பாடு மறுக்க வேண்டியதாயிற்று. மெஷின் நாற்காலி வழியாக வருவதில்லை, நீதிபதியின் மேசையில் இருக்கிற கோப்புக்குள் ஒரு தாளாக வருகிறது. அந்தத் தாளில் ஒரு இலக்கம் இருக்கும். இந்த ஆள் மறுபடியும் குற்றம் செய்ய வாய்ப்பு எவ்வளவு, பிணையில் விட்டால் திரும்பி வருவானா என்பதற்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு புள்ளி.

அமெரிக்காவில் இது பல வருடங்களாக நடக்கிறது. அதிகம் பேசப்பட்டது எரிக் லூமிஸ் வழக்கு. 2013இல் விஸ்கொன்சின் மாநிலத்தில், ஒரு துப்பாக்கிச் சூட்டில் சம்பந்தப்பட்ட காரை ஓட்டியதாகப் பிடிபட்டவர். இரண்டு சின்னக் குற்றச்சாட்டுகளை மட்டும் ஒப்புக்கொண்டார். தண்டனை சொல்லும்போது நீதிபதி கொம்பாஸ் என்ற மென்பொருள் கொடுத்த புள்ளியையும் எடுத்துக் காட்டி, ஆபத்தான ஆள் என்று 6 வருடச் சிறை விதித்தார். அந்தப் புள்ளி எப்படி வந்தது என்று லூமிஸ் கேட்டார். அது எங்கள் வியாபார ரகசியம் என்றது தயாரித்த கம்பெனி. 2016இல் மாநில உச்ச நீதிமன்றம், புள்ளியைப் பார்க்கலாம், ஆனால் அதை மட்டுமே வைத்துத் தீர்மானிக்கக்கூடாது, சில எச்சரிக்கைக் குறிப்புகளையும் கூடவே சேர்த்துவிடுங்கள் என்று சொல்லி தண்டனையை அப்படியே விட்டது. அடுத்த வருடம் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் வழக்கைக் கையிலெடுக்க மறுத்துவிட்டது. சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை போடுவது போல தண்டனைத் தாளில் எச்சரிக்கை போட்டால் தீர்ந்தது என்று ஒரு நீதிமன்றம் நினைத்ததை நான் இன்னும் ஆச்சரியத்தோடுதான் பார்க்கிறேன்.

கொம்பாஸின் கேள்விக்கொத்தில் 137 கேள்விகள். அப்பா அம்மா பிரிந்தவர்களா, சிநேகிதர்களில் எத்தனை பேர் பொலிஸில் பிடிபட்டவர்கள், கடந்த 12 மாதங்களில் எத்தனை தடவை வீடு மாறினாய், இந்த மாதிரி. நீ கறுப்பா வெள்ளையா என்ற கேள்வி இல்லை. அதைத்தான் கம்பெனிக்காரர்கள் பெருமையாகச் சொன்னார்கள்.

2016இல் புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் புளோரிடாவின் ஒரு கவுண்டியில் 7,000க்கும் மேற்பட்டவர்களின் புள்ளிகளை எடுத்து, இரண்டு வருடத்தில் அவர்கள் உண்மையில் என்ன ஆனார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தது. பிறகு எந்தக் குற்றமும் செய்யாமல் ஒழுங்காக இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு 45 பேருக்கு 'ஆபத்து அதிகம்' என்ற முத்திரை விழுந்திருந்தது. வெள்ளையர்களில் அது நூற்றுக்கு 23 அளவுதான். கம்பெனி சும்மா இருக்கவில்லை. எங்கள் மெஷினில் 7 புள்ளி வாங்கிய கறுப்பரும் 7 புள்ளி வாங்கிய வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மறுபடி குற்றம் செய்திருக்கிறார்கள், அப்படியானால் பாரபட்சம் எங்கே என்று கேட்டது.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இரண்டு கூட்டங்களின் கைது விகிதம் பதிவேட்டில் வேறு வேறாக இருக்கும்வரை, இந்த இரண்டு விதமான நியாயத்தையும் ஒரே நேரத்தில் கொடுக்க எந்தக் கணக்காலும் முடியாது என்று கணித ஆட்கள் பிறகு நிறுவிக் காட்டினார்கள். ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவும். எந்த நியாயத்தைப் பிடிப்பது என்பது கணக்குக்குள் இருக்கிற விஷயமே இல்லை. யாரோ ஒருவர் உட்கார்ந்து, எங்கோ ஒரு அறையில், முன்கூட்டியே முடிவு செய்கிற அரசியல் விஷயம். இன்னொன்று, பதிவேட்டில் இருப்பது கைது. பொலிஸ் எந்தத் தெருவில் அதிகம் நிற்கிறதோ அந்தத் தெருவில் கைது அதிகம். மெஷின் படிக்கிறது அந்தப் பதிவேட்டைத்தான்.

2018இல் டார்ட்மத் கல்லூரிக்காரர்கள் இருவர் இன்னொரு வேடிக்கையைக் காட்டினார்கள். சட்டம் தெரியாத சாதாரண ஆட்களிடம் சில வரி விவரத்தைக் கொடுத்து ஊகிக்கச் சொன்னால், கொம்பாஸ் அளவுக்கே, நூற்றுக்கு 65ஐ ஒட்டித்தான் அவர்களுக்கும் சரியாக வருகிறது. வயது, முந்திய குற்றங்களின் எண்ணிக்கை என்ற இரண்டை மட்டும் வைத்துப் போட்ட சின்னக் கணக்குக்கும் அதே அளவுதான். அப்படியானால் அந்த 137 கேள்விகள் எதற்கு?

சரி, நம்ம கதைக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். தோட்டத் தொழிலாளி என்ற சொல்லோ இந்தியத் தமிழர் என்ற சொல்லோ தேடினாலும் கிடைக்காது. எல்லாருக்கும் பொதுவாக ஒரே கேள்விதான்: இந்தச் சட்டம் வருவதற்கு முன் பிறந்தவரா, அப்படியானால் உன் அப்பா இலங்கையில் பிறந்தவரா, அல்லது அப்பாவைப் பெற்ற தாத்தாவும் அவரைப் பெற்ற பூட்டனும் இங்கே பிறந்தவர்களா, காட்டு. மாத்தறையில் இருக்கிற ஒரு சிங்களக் குடும்பத்திடம் இந்தக் கேள்வியை யாரும் தீவிரமாகக் கேட்கப்போவதில்லை. அவர்களிடமும் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் இருந்திருக்காதுதான். ஆனால் கேட்கப்பட்டது எங்களிடம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்று கடல் தாண்டிப் போய்வந்த குடும்பங்கள், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து பதியாமலே விட்டுப்போன பிள்ளைகள். ஏழு லட்சம் பேர் அளவில் நாடற்றவர்களானோம். 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1949இல் வாக்குரிமையும் பிரஜைகளுக்கு மட்டும் என்றானதும் அந்தக் கணக்கு பூச்சியமாயிற்று.

இதை எதிர்த்து ஒரு வழக்கும் நடந்தது. வாக்காளர் இடாப்பில் பேர் சேர்க்க மறுக்கப்பட்ட கோடாக்கன் பிள்ளையின் வழக்கு. இடாப்பை மீளாய்வு செய்த அதிகாரி, இந்தச் சட்டங்கள் ஒரு சமூகத்தைக் குறிவைக்கின்றன, அன்றைய அரசியலமைப்பான சோல்பரி யாப்பின் 29ஆவது பிரிவுக்கு முரண் என்று அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னார். உயர் நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. 1953இல் கடைசி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும் உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. சுருக்கமாக அவர்களுடைய தர்க்கம் என்னவென்றால், யார் தன் பிரஜை என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான வேலை, பிறப்பையும் வசிப்பையும் அளவுகோலாக வைப்பதில் தப்பில்லை, இது பிரஜாவுரிமை பற்றிய சட்டமே தவிர ஒரு சமூகத்தைப் பற்றிய சட்டமில்லை.

கொம்பாஸ் கம்பெனிக்காரர்கள் சொன்னதையும் பிரிவி கவுன்சில் பிரபுக்கள் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாங்கள் இனத்தைக் கேட்கவில்லை. பிறப்பை மட்டும்தான் கேட்டோம். முகவரியை மட்டும்தான் கேட்டோம். ஏஐ நிபுணர்கள் இதைப் பற்றி இப்போது கட்டுரை கட்டுரையாக எழுதுகிறார்கள், ஒன்றை நேரடியாகக் கேட்காமல் அதற்குப் பதிலியாக வேறொன்றைக் கேட்பது என்று. எங்கள் பாட்டிமார் இதற்குப் பேர் வைக்காமலே அனுபவித்துவிட்டார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரைக்கும், நடுவில் 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று தலை எண்ணிப் பங்கு பிரித்தது உட்பட, அரை நூற்றாண்டுக்கு மேல் இழுத்தது ஒரு பிழையான கேள்வியின் விளைவு.

இப்போது விலாசத்துக்கு வருகிறேன். கொம்பாஸ் மாதிரியான கருவிகளில் 'வசிப்பிட உறுதியின்மை' என்று ஒரு பகுதியே உண்டு. நிரந்தர விலாசம் இல்லாதவர், அடிக்கடி இடம் மாறுபவர் எல்லாருக்கும் அதில் புள்ளி ஏறும். லயத்தில் இருக்கிற ஒருவரை அந்தக் கேள்விக்கு முன் நிறுத்துங்கள். பூட்டன் காலத்திலிருந்து அதே காம்பரா. கோப்பி அழிந்து தேயிலை வந்ததிலிருந்து அந்தக் குடும்பம் அந்த மலையை விட்டு இறங்கவில்லை. ஆனால் வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இல்லை, பல இடங்களில் வீட்டுக்கென்று தனி இலக்கம் இல்லை, கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து அங்கிருந்துதான் கைக்கு வரும், சில நேரம் நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு வரும். நாலு தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருந்த மனிதரை மெஷின் 'விலாசம் உறுதியில்லாதவர்' என்று எழுதும். அதன் கணக்கில் அது பிழையும் இல்லை. கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

மனுஷ நீதவான் மட்டும் என்ன வாழ்ந்தார் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்கிறது. ஆனால் நடைமுறையில் சரீரப் பிணைக்கு ஆள் பிடித்து, அந்த ஆளுக்கு கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்று வாங்கி முடிப்பதற்குள், நாள் சம்பளக்காரர்கள் வாரக்கணக்கில் விளக்கமறியலில் கிடக்கிறார்கள். நியூயோர்க் பிணை வழக்குகளை வைத்து ஜொன் கிளைன்பெர்க்கும் கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நீதிபதிகளின் ஊகத்துக்குப் பதிலாகக் கணக்கைப் பயன்படுத்தினால் குற்றங்கள் கூடாமலே, உள்ளே கிடப்பவர்களை நூற்றுக்கு 40க்கும் மேல் குறைக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். இது சின்ன விஷயமில்லை. அதனால் மெஷினே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு படித்தது நியூயோர்க்கின் லட்சக்கணக்கான பதிவுகளை. நம்மைப் பற்றி எதைப் படிக்கும்? நம்ம ஆட்களின் சண்டை சச்சரவுகள் மத்தியஸ்த சபையில் முடிகின்றன, வேலைநீக்கம் தொழில் நியாய சபையில், அதுவும் சட்டத்தரணி இல்லாமல் தொழிற்சங்கப் பிரதிநிதி வாதாடி, பாதியில் சமாதானமாகி முடிகிறது. அச்சில் வருவதெல்லாம் மேன்முறையீட்டுக்குப் போன தீர்ப்புகள். மேன்முறையீட்டுக்குப் போகக் காசு வேண்டும். கம்பெனிகள் எப்படி ஜெயித்தன, எப்படித் தோற்றன என்று மட்டும் படித்த மெஷின், கொழுந்து எடுக்கிறவருடைய வழக்கில் என்ன முன்கணிப்புச் சொல்லும்?

தொழில் நியாய சபை பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்ல வேண்டும். அந்தச் சபை 'நியாயமும் ஒப்புரவுமான' கட்டளை பிறப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் வரம்புகூட அதைக் கட்டாது. அதாவது, முன்னால் நிற்கிற ஆளைப் பார்த்து யோசி என்று சட்டமே சொல்கிற இடம். பழைய ஆயிரம் கட்டளைகளின் சராசரியை எடுத்துக் கையில் கொடுப்பது அந்த வேலைக்கு நேர் எதிர்.

எனக்கு நிஜமாகவே பயம் தருவது தராசு. என் அம்மா கொழுந்து எடுத்தவர். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. அந்தக் காலத்தில் தொங்கு தராசு, முள் எங்கே நிற்கிறது என்று பத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை கிலோ வெட்டினால் அந்த இடத்திலேயே சத்தம் கிளம்பும். 18 கிலோ நியமம் வைத்த மலையில் 17 நின்றால் அரைப் பேர், பாதிச் சம்பளம். அதனால் ஒவ்வொரு கிலோவுக்கும் சண்டை. இப்போது பல தோட்டங்களில் டிஜிட்டல் தராசு. இலக்கம் மின்னுகிறது, பதிவாகிறது, அடுத்த ஆள் வாங்க. சத்தம் போட்டால் "மெஷின்ல அப்படித்தாம்மா காட்டுது" என்ற பதில். யாரோடு சண்டை பிடிப்பது?

இந்த இடத்தில் சட்டம் வந்து நிற்கிற விதத்தைப் பாருங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின் 21ஆவது பிரிவு, மின்பதிவில் இருக்கிற தகவல் உண்மை என்று நீதிமன்றம் ஊகித்துக்கொள்ள வேண்டும் என்கிறது, அதற்கு மாறாக நிரூபிக்கப்படும்வரை. நிரூபிக்க வேண்டியவர் மறுக்கிற ஆள். கொழுந்து எடுக்கிற பெண் அந்தத் தராசின் மென்பொருளில் பிழை இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பார்?

இதே ஊகம் இங்கிலாந்தில் என்ன செய்தது என்பது ஊரறிந்த கதை. 1999இல் நிறைவேறிய சட்டம் ஒன்றால், கம்ப்யூட்டர் ஒழுங்காக இயங்கியது என்று வழக்குத்தொடுநர் காட்ட வேண்டிய கட்டாயம் போயிற்று. அதே காலத்தில் தபால் அலுவலகம் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தது. கணக்கில் பணம் குறைகிறது என்று மென்பொருள் சொன்னது, தபால் கடை நடத்திய 900க்கும் மேற்பட்டவர்கள் களவுக்கும் பொய்க்கணக்குக்கும் குற்றவாளிகளானார்கள். சிலர் சிறை போனார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மென்பொருளில்தான் கோளாறு என்று 2019இல் நீதிமன்றம் சொன்னது. கடைசியில் 2024இல் பாராளுமன்றமே ஒரு சட்டம் போட்டு அந்தத் தீர்ப்புகளை மொத்தமாக ரத்துச் செய்ய வேண்டியிருந்தது. அது ஏஐகூட இல்லை, சாதாரணக் கூட்டல் கழித்தல் மெஷின். கூட்டல் கழித்தலையே குறுக்கு விசாரணை செய்ய இருபது வருடம் எடுத்தால், ஏன் இந்தப் பதிலைச் சொன்னேன் என்று தனக்கே விளக்கத் தெரியாத ஏஐயை யார் கூண்டில் ஏற்றுவது?

சட்டத்தரணிகள் சாட்ஜிபிடியிடம் கேட்டு இல்லாத வழக்குகளை மேற்கோள் காட்டி மாட்டிக்கொண்ட கதைகளை இங்கே நீட்டப்போவதில்லை. 2023இல் நியூயோர்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 5,000 டொலர் அபராதம் போட்டார்கள், அதற்குப் பிறகும் உலகமெங்கும் நடந்துகொண்டே இருக்கிறது. அது சோம்பேறித்தனம், கண்டுபிடிக்கவும் சுலபம், இல்லாத வழக்கு இல்லாத வழக்குத்தான்.

ஏஐ எனக்கு உண்மையில் எங்கே வேண்டும் தெரியுமா? மொழியில். யாப்பின்படி வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவு சிங்களத்தில். தமிழ் பேசுகிறவருக்கு உரைபெயர்ப்புப் பெறும் உரிமை 24ஆவது உறுப்புரையில் இருக்கிறது, ஆனால் உரைபெயர்ப்பாளர் ஒருவர் எத்தனை வழக்குக்கு ஓடுவார்? தன் வழக்கில் தன்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று வெளியே வந்து சட்டத்தரணியின் கிளார்க்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆட்களை ஹட்டன் பக்கம் எந்த வழக்கு நாளிலும் பார்க்கலாம். அழைப்பாணையை, சத்தியக்கடதாசியை, அன்றைய பதிவை உடனே தமிழில் படித்துக் காட்டுகிற கருவி வந்தால் நான் முதல் ஆளாய்க் கைதட்டுவேன். இந்திய உச்ச நீதிமன்றம் 2019இலிருந்து சுவாஸ் என்ற மென்பொருளால் தீர்ப்புகளை மொழிபெயர்க்கிறது. 2025 ஜூலையில் கேரள மேல் நீதிமன்றம் கீழ்நீதிமன்றங்களுக்கு வெளியிட்ட கொள்கையும் கிட்டத்தட்ட இந்தக் கோட்டைத்தான் கிழித்தது: தீர்மானிப்பதற்கு ஏஐயைத் தொடாதே, மொழிபெயர்ப்பு போன்ற வேலைகளுக்கு அனுமதி உண்டு, ஆனால் மனிதர் சரிபார்க்க வேண்டும். எனக்கு அது சரியாகப் படுகிறது. தப்பான மொழிபெயர்ப்பை இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் பிடித்துவிடலாம், தப்பான புள்ளியை யாராலும் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது.

நம்ம நாட்டில் இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா என்றால், ஒன்று இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு. தானியங்கி முறையில் மட்டுமே எடுக்கப்பட்ட தீர்மானம் ஒருவருடைய உரிமையை மீளமுடியாதபடி பாதித்தால், அதை மறுபரிசீலனை செய் என்று கேட்கலாம் என்கிறது அது. நல்லதுதான். ஆனால் அந்த 'மட்டுமே'யைப் பாருங்கள். அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கு 2023இல் 22 அளவுகோல்களுக்குப் புள்ளி போட்டுத்தான் குடும்பங்களைத் தெரிவு செய்தார்கள். அது ஏஐ இல்லை, புள்ளிக் கணக்குத்தான். பட்டியல் வெளியானதும் லட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. தகவல் சேகரிக்க ஒரு மனிதர் வீட்டுக்கு வந்தார், இன்னொருவர் அங்கீகரித்தார் என்று இருக்கும்போது, அப்படியொரு தீர்மானத்தை 'தானியங்கி முறையில் மட்டுமே' எடுத்தது என்று எந்த வக்கீல் வாதிடுவார்? நாளைக்கு நீதிமன்றத்துக்கு ஒரு புள்ளி வந்தாலும் இதே கதைதான். கடைசியில் கையெழுத்துப் போடுவது நீதவான், ஆகவே தீர்மானித்தது மனிதர். லூமிஸுக்கும் இதைத்தானே சொன்னார்கள்.

அதனால் தொழிற்சங்கத் தலைவர்கள், சட்ட உதவிக்காரர்கள், சட்டம் படிக்கிற நம்ம பிள்ளைகள் எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்று. ஏஐ வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்தை விடுங்கள். புள்ளி போடுகிற எந்தக் கருவியாக இருந்தாலும், தராசோ மென்பொருளோ, என்னைப் பற்றி என்ன கேட்டது, எந்தக் கட்டத்தில் என்ன நிரப்பியது, எதற்கு எத்தனை புள்ளி என்று ஒரு தாள் கையில் வர வேண்டும் என்று கேளுங்கள். தமிழில், விசாரணைக்கு முன்னால். மின்பதிவை உண்மை என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிற அந்த 21ஆவது பிரிவின் ஊகத்தை, பதிவு செய்த கருவி ஒழுங்காக இயங்கியது என்று அதன் சொந்தக்காரரே முதலில் காட்ட வேண்டும் என்று திருத்தச் சொல்லுங்கள். அதுவரைக்கும், தராசில் இலக்கம் மின்னும்போது கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கத்தையாவது விடாமல் இருக்கச் சொல்லுங்கள் நம்ம பெண்களிடம். பத்துப் பேருடைய கொப்பி ஒரே மாதிரி இருந்தால் தொழில் நியாய சபையில் அதையும் சாட்சியாக முன்வைக்கலாம்.